தலைக்கட்டில் சேராதவர்கள்

சமாதானக் குழுவில் இருபத்திரண்டு பேர் இருந்தோம். இருபத்திரண்டு பேரும் ஆண்கள். முதல் கூட்டத்திலேயே எண்ணிவிட்டேன். வேறு யாரும் எண்ணவில்லை என்பது இரண்டாவது கூட்டத்தில்தான் தெரிந்தது.

தவளக்குப்பத்துக்குக் கிழக்கே கடலோரமாக அடுத்தடுத்து இரண்டு மீனவ ஊர்கள் இருக்கின்றன. பெயர் வேண்டாம். வடக்கு ஊர், தெற்கு ஊர் என்றே சொல்கிறேன். வடக்கு ஊரில் சிலர் சேர்ந்து சுருக்குமடி வலை வாங்கினார்கள். மீன் கூட்டத்தைச் சுற்றி வளைத்து, அடியில் சுருக்கி, பை மாதிரி அப்படியே இழுத்துவிடும் பெரிய வலை. அது ஒரு முறை போய்விட்டு வந்தால் சின்னப் படகுக்காரனுக்கு மத்திகூட மிஞ்சாது என்று தெற்கு ஊர் சொன்னது. கடலில் வாய்ச்சண்டையாக ஆரம்பித்தது, கரைக்கு வந்தபோது கட்டையும் இரும்புக் கம்பியும் ஆகிவிட்டது. நான்கு படகுகளைக் கொளுத்தினார்கள். பதினேழு பேர் மருத்துவமனைக்குப் போனார்கள். அதற்குப் பிறகுதான் அரசாங்கத்துக்குச் சமாதானம் என்ற சொல் நினைவுக்கு வந்தது.

என்னை அந்தக் குழுவில் சேர்த்தது ஒரு பழைய காரணத்துக்காக. வேலையில் இருந்த காலத்தில் அரசாங்கத்துக்காகப் படகு, மாடு, கிணறு, தையல் இயந்திரம் எல்லாம் எண்ணியவன் நான். இந்த இரண்டு ஊர்களின் படகுகளையும் எண்ணியிருக்கிறேன். இரண்டிலும் எனக்குச் சொந்தபந்தம் கிடையாது. வீடு நகரத்தின் வடகோடியில், குருசுக்குப்பம் பக்கம். ஆகவே பொதுமக்கள் பிரதிநிதி என்று ஒரு நாற்காலி கொடுத்தார்கள். முதுகுச் சாய்வு உடைந்த நாற்காலி. கடைசிக் கூட்டம் வரை அதை மாற்றவில்லை.

இரண்டாவது கூட்டத்துக்கு முன்பு நான் ஒன்றைப் பார்த்திருந்தேன். சண்டை நடந்து நான்கு நாள் ஆகியிருந்தது. பெரிய மார்க்கெட்டுக்கு மீன் வாங்கப் போயிருந்தேன். அங்கே இரண்டு ஊர்ப் பெண்களும் கலந்துதான் வியாபாரம் செய்வார்கள். தவளக்குப்பம் சந்திப்பிலிருந்து ஒரே குட்டி லாரியில் கூடைகளை ஏற்றிக்கொண்டு வருவார்கள். ஐஸ் பெட்டி பொது. வடக்கு ஊர்ப் படகு போகாத நாளில் தெற்கு ஊர் மீனை வடக்கு ஊர்க்காரி விற்பாள். அவர்களுடைய தொழில் முறையே அதுதான்.

நான் வழக்கமாக வாங்குவது ஒரே மேடையில் அரைக்கு அரை உட்கார்ந்திருக்கும் இரண்டு பேரிடம். மூத்தவர் வடக்கு ஊர். அறுபது வயதுக்கு மேல் இருக்கும். புருஷன் கடலில் போய்விட்டார். பிள்ளை இல்லை. இளையவள் தெற்கு ஊர், நாற்பத்தைந்து இருக்கலாம், வாய் நீளம். மேடை இளையவளின் பெயரில் இருந்தது. மூத்தவருக்குக் கண் கொஞ்சம் மங்கல், ஆனால் மீன் வெட்டும் கை சுத்தம். இளையவள் கூவி விற்பாள், மூத்தவர் வெட்டிக் கொடுப்பார்.

அன்றைக்குத் தெற்கு ஊர் வாலிபர்கள் ஒன்பது பேர் பைக்குகளில் வந்து இறங்கினார்கள். கையில் கட்டை. "வடக்கு ஊர்க்காரிங்க யார் யாரு? எழுந்து வெளியே போங்க" என்றான் ஒருவன்.

இளையவள் எழுந்தாள். அவன் அவளுடைய ஊர்ப் பையன்தான். "யார்ரா அது, கட்டைய தூக்கினு வந்து நிக்கிறது? ஒன்னப் பெத்துட்டு ஒங்கம்மா கெடந்தப்போ கஞ்சி காய்ச்சி எடுத்துனு வந்தது இந்த அக்காதான். அடிக்கணும்னா மொதல்ல என்னை அடி. அப்புறம் அங்க போ."

அவள் பேசிக்கொண்டிருக்கும்போதே மற்றவர்கள் ஒரு காரியம் செய்தார்கள். மேடைகளை விட்டு இறங்கி, நடைவழியில் ஒருவரோடு ஒருவர் கலந்து உட்கார்ந்துகொண்டார்கள். இருபத்தாறு பேர். எல்லார் தலையிலும் முந்தானை, எல்லார் முன்னாலும் ஒரு கூடை. வடக்கு எது தெற்கு எது என்று பிரிக்க முடியவில்லை. வந்தவர்களில் பாதிப் பேருக்குத் தங்கள் ஊர் அத்தை, சித்தி முகம் தெரியும். ஆனால் அத்தையின் தோளில் சாய்ந்திருப்பவளை எப்படி இழுப்பது? "வாங்குறதுன்னா வாங்கு. இல்லன்னா வழிய விடு, மீன் காயுது" என்றது கூட்டத்திலிருந்து ஒரு குரல். யாரோ சிரித்தார்கள். பையன்கள் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போய்விட்டார்கள். போலீஸ் ஜீப் வந்தபோது பெண்கள் மறுபடி மேடையேறி வியாபாரம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மறுநாள் பத்திரிகையில், காவல்துறை விரைந்து செயல்பட்டதால் மோதல் தவிர்க்கப்பட்டது என்று வந்திருந்தது. எனக்குக் காலைக் காப்பியே கசந்தது.

இதை இரண்டாவது கூட்டத்தில் எழுந்து சொன்னேன். குழுவில் அந்தப் பெண்கள் நான்கு பேராவது இருக்க வேண்டும் என்றும் சொன்னேன்.

கூட்டம் நடத்திய அதிகாரி நல்ல மனிதர் போலத் தலையாட்டினார். "நல்ல யோசனைதான் சார். ஆனா பொம்பளைங்கள கூப்ட்டா அழுவாங்க. கூட்டம் நடக்காது."

முதல் கூட்டத்தில் வடக்கு ஊர்ப் பஞ்சாயத்தார் ஒருவர் தன் படகு எரிந்ததைச் சொல்லித் துண்டில் முகம் புதைத்து அழுதார். நாங்கள் இருபத்தோரு பேரும் மரியாதையாக மௌனம் காத்தோம். டீயைக்கூட அதற்குப் பிறகுதான் கொண்டுவரச் சொன்னார்கள். அப்போது கூட்டம் நடக்காமல் போய்விடவில்லை.

வடக்கு ஊர் நாட்டார், அதாவது ஊர்த் தலைவர், எனக்குப் பொறுமையாக விளக்கினார். "எங்க கணக்கு தலைக்கட்டுக் கணக்கு சார். கல்யாணமான ஆம்பளை ஒருத்தன்னா ஒரு தலைக்கட்டு. வரி அவன் கொடுப்பான், பங்கு அவன் வாங்குவான், பஞ்சாயத்துல அவன் பேசுவான். பொம்பளை அதுல வராது."

"புருஷன் இல்லாத பொம்பளை?"

"தலைக்கட்டு போயிடுச்சு இல்ல சார்."

போயிடுச்சு. ஒரு மனுஷி மீன் கூடை தூக்கிக்கொண்டு தினமும் லாரி ஏறுகிறாள், ஆனால் ஊர்க் கணக்கில் அந்த வீடு காலி. முப்பது வருஷத்துக்கு மேல் எண்ணியிருக்கிறேன். கிணறு வற்றிப்போனாலும் வற்றிய கிணறு என்று படிவத்தில் ஒரு கட்டத்தில் எழுதுவோம்.

ஆறு கூட்டங்களுக்குப் பிறகு ஒப்பந்தம் கையெழுத்தானது. ஒன்பது அம்சங்கள். எந்த ஆழத்துக்கு அப்பால் சுருக்குமடி போடலாம், எந்தெந்தக் கிழமை போடலாம், எரிந்த படகுக்கு என்ன செய்வது, யார் டீக்கடையில் யார் உட்காரலாம், யார் கோயில் திருவிழாவுக்கு யார் வரலாம் என்பது வரை எல்லாம் இருந்தது. கைதட்டினோம். இரண்டு நாட்டார்களும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள், இரண்டு முறை. முதல் முறை புகைப்படக்காரர் தயாராக இல்லை.

ஒரு மாதம் கழித்து மார்க்கெட்டுக்குப் போனால், மூத்தவர் மேடையில் இல்லை. எதிர்ப்புறம், மீன் கழுவிய தண்ணீர் ஓடும் கால்வாயை ஒட்டி, ஒரு சாக்கை விரித்துத் தரையில் உட்கார்ந்திருந்தார். தலைக்கு மேல் கூரை இல்லை. ஐஸ் இல்லாமல் சங்கரா மீனின் கண் வெளுத்துக்கொண்டிருந்தது. ஈ மொய்த்தது. கால்வாய்த் தண்ணீர் சாக்கின் ஓரத்தை நனைத்திருந்தது. அந்த நாற்றத்தை நான் எழுதிக் காட்ட விரும்பவில்லை.

"என்னம்மா, இங்க ஒக்காந்திருக்கீங்க?"

"எங்கூரு கட்டுப்பாடு சார்."

"அதான் சமாதானம் ஆயிடுச்சே."

"ஆம்பளைங்களுக்கு ஆயிடுச்சு."

அப்புறம்தான் விஷயம் தெரிந்தது. மார்க்கெட்டில் பெண்கள் கலந்து உட்கார்ந்தார்களே, அந்தச் செய்தி ஊருக்குள் போனதும் இரண்டு பஞ்சாயத்துக்கும் கோபம் வந்திருக்கிறது. நம்ம வீட்டுப் பொம்பளை எதிரி ஊர்க்காரிக்கு அணைவாக நிற்பதா? இரண்டு ஊர்க் கோயில் மைக்கிலும் அறிவித்திருக்கிறார்கள்: அந்த ஊர்ப் பெண்களோடு பேசக்கூடாது, கொடுக்கல் வாங்கல் கூடாது, ஒரே மேடையில் உட்காரக்கூடாது. மீறினால் ஊரை விட்டு ஒதுக்கிவைப்பு. சண்டைக்காகப் போட்ட கட்டுப்பாடுகள் எல்லாம் ஒப்பந்தத்தோடு போய்விட்டன. இது சண்டைக்காகப் போட்டது இல்லை, சண்டையை நிறுத்தியதற்காகப் போட்டது. அதனால் ஒன்பது அம்சங்களில் எதிலும் இது வரவில்லை. அந்த அறையில் இருந்த இருபத்திரண்டு பேரில் ஒருவருக்கும் இது ஞாபகம் வரவில்லை. எனக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியாது. நாட்டார்களுக்குத் தெரியும், மறந்துவிட்டார்கள். வாசலில் செருப்பை மறந்து வைத்துவிட்டு வருவது போல.

"யாராவது போய்க் கேட்கலாமே அம்மா?"

"கட்டுப்பாட்ட எடுக்கச் சொல்லி தலைக்கட்டுக்காரன்தான் கேக்கணும் சார். புருஷன் இருக்கறவளுங்க புருஷன்கிட்ட சொல்லிப் பாத்துட்டாளுங்க. இப்பதான் சண்டை ஓஞ்சிருக்கு, நீ எதையும் கெளறாதங்கறானுங்க. எனக்குக் கேக்க ஆள் ஏது?"

அப்போது எதிர் மேடையிலிருந்து இளையவள் என்னைக் கூப்பிட்டாள். "சார், அங்க ஒரு அம்மா ஒக்காந்துனு இருக்காங்க பாருங்க. அவங்ககிட்ட காலைல சாப்ட்டாங்களான்னு கேளுங்க."

மூத்தவர் முகத்தைத் திருப்பாமல் என்னிடமே சொன்னார். "சாப்ட்டாச்சுன்னு சொல்லுங்க சார்."

"பொய்யின்னு சொல்லுங்க சார். நாலு இட்லி வாங்கி வச்சிருக்கேன். நீங்க எடுத்துனு போய்க் குடுத்தீங்கன்னா கொடுக்கல் வாங்கல்ல வராது."

"அவ இட்லிய அவளையே திங்கச் சொல்லுங்க. நேத்து எங்கிட்ட வர்ற கிராக்கிய இழுத்துக்கினா."

"நான் எங்க இழுத்தேன்? அந்த அம்மா குரலு எலி குரலு மாதிரி இருக்குது, கிராக்கி காதுல விழல, நான் இன்னா பண்றது, கேளுங்க சார்."

இரண்டு பேருக்கும் நடுவே எட்டடி இருக்கும். நான் இட்லிப் பொட்டலத்தைக் கையில் வாங்கிக்கொண்டு எட்டடி நடந்தேன். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். தினமும் யாராவது ஒரு வாடிக்கையாளர் இப்படித் தூது போகிறாராம். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கால்வாயைத் தாண்டும்போது செருப்பில் செதில் ஒட்டிக்கொண்டது.

வீட்டுக்கு வந்து சொன்னதும் மனைவி கேட்டாள், "ஏங்க, நீங்களும்தானே கையெழுத்துப் போட்டீங்க?"

"போட்டேன்."

"அப்ப போய்க் கேளுங்க. என்கிட்ட வந்து பொருமிக்கிட்டு இருந்தா?"

போனேன். அதிகாரி இந்த முறையும் தலையாட்டினார். "இது ஊர்ப் பழக்கம் சார். அரசாங்கம் தலையிட்டா வேற மாதிரி ஆயிடும்." பிறகு மேஜை இழுப்பறையைத் திறந்து ஓர் அழைப்பிதழை எடுத்தார். உலக அமைதியிலும் பாதுகாப்பிலும் பெண்களின் பங்கு. ஒரு நாள் கருத்தரங்கு. கடற்கரைச் சாலையை ஒட்டிய ஒரு ஹால். "இரண்டு நாட்டார்களுக்கும் பாராட்டு வச்சிருக்கோம். நீங்களும் வாங்க. அந்த மீன்காரம்மாங்க பத்து இருபது பேரைக் கூட்டிட்டு வந்தீங்கன்னா ஹாலும் நிறையும்."

"அவங்க பேசலாமா?"

"கேள்வி நேரம் இருக்கு சார். தாராளமா."

மூத்தவரிடம் சொன்னபோது அவர் ஒன்றே ஒன்று கேட்டார். "எங்க நாட்டார் அங்க வருவாரா?"

"மேடையிலேயே இருப்பார்."

அவர் வெட்டிக்கொண்டிருந்த மீனை முடித்துக் கையைக் கழுவினார். "அப்ப வர்றேன்."

கருத்தரங்கு அன்று ஹால் வாசலில் ஆறு மாணவிகள் பன்னீர் தெளித்தார்கள், நான்கு மாணவிகள் கோலம் போட்டு முடித்திருந்தார்கள், இரண்டு மாணவிகள் சந்தனக் கிண்ணம் வைத்திருந்தார்கள். மேடையில் பதினோரு நாற்காலிகள். அதில் ஒன்பது ஆண்கள். பெண்கள் இரண்டு பேர்: ஒருவர் சிறப்பு விருந்தினரின் மனைவி, இன்னொருவர் ஒரு கல்லூரி முதல்வர், அவருக்கு நன்றியுரை.

மார்க்கெட்டிலிருந்து பதினான்கு பேர் வந்திருந்தார்கள். வியாபாரத்தைப் பாதியில் விட்டுவிட்டு நல்ல புடவை கட்டிக்கொண்டு வந்தவர்கள். அவர்களைக் கடைசி இரண்டு வரிசைகளில் உட்கார வைத்தார்கள். அங்கேயும் கட்டுப்பாடு உண்டு. இரண்டு ஊர் நாட்டார்களும் மேடையிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறார்களே. மூத்தவருக்கும் இளையவளுக்கும் நடுவில் ஒரு நாற்காலி காலியாக விட்டிருந்தார்கள். அதில் என்னை உட்கார வைத்தார்கள். சிறிது நேரத்தில் கோட்டு போட்ட ஒரு இளைஞர் பின்வரிசைக்கு வந்து, யாரையும் பார்க்காமல், காற்றில் வாசனை ஸ்ப்ரே அடித்துவிட்டுப் போனார். மல்லிகை வாசனை. இளையவள் தும்மினாள். "நம்மள பதப்படுத்துறாங்க சார்" என்றாள்.

எழுந்து போயிருப்பேன். நடுவில் ஆள் வேண்டுமே என்று உட்கார்ந்திருந்தேன்.

பேராசிரியர் ஒருவர் ஐம்பது நிமிடம் பேசினார். பெண்கள் உட்கார்ந்து பேசி முடித்த சமாதானம்தான் நீடிக்கிறது என்றார். தூர தேசங்களின் பெயர்களை வரிசையாகச் சொன்னார். எங்கேயோ தாய்மார்கள் சாலையை மறித்து உட்கார்ந்து போரை நிறுத்தினார்கள் என்று படம் போட்டுக் காட்டினார். முன்வரிசை கைதட்டியது. அவர் நின்ற இடத்திலிருந்து பெரிய மார்க்கெட் நடக்கிற தூரம். கடைசி வரிசை அதைவிடப் பக்கம்.

பிறகு இரண்டு நாட்டார்களுக்கும் சால்வை போட்டார்கள். பின்னாலேயே சாப்பாடு தயார் என்று அறிவித்தார்கள். கேள்வி நேரம் போய்விட்டது.

மூத்தவர் எழுந்து நின்றார். கையை உயர்த்தவில்லை, சும்மா நின்றார். தொகுப்பாளர் பெண்ணுக்கு அது கண்ணில் பட்டது. மைக்கை எடுத்துக்கொண்டு சிரித்தபடி ஓடி வந்தாள். "நம்ம மீனவத் தாய் ஒருத்தங்க வந்திருக்காங்க. அம்மா நமக்காக ஒரு கடல் பாட்டு பாடுவாங்க."

"பாட்டு இல்லம்மா. கேள்வி இருக்குது."

தொகுப்பாளர் மேடையைப் பார்த்தாள். அங்கே யாரோ கையால் வேண்டாம் என்று காட்டினார்கள். மைக் அணைந்தது. மூத்தவரின் குரல் எலிக் குரல் என்று இளையவள் சொன்னது அநியாயம். அந்த ஹாலுக்கு மைக் தேவைப்படவில்லை.

"தம்பி, கட்டுப்பாட்ட எப்ப எடுப்பீங்க?"

வடக்கு ஊர் நாட்டார் அவருக்குக் கொழுந்தன் முறை. சால்வையைச் சரிசெய்துகொண்டு சொன்னார், "அண்ணி, அத ஊர்ல பேசிக்கலாம்."

"ஊர்ல நான் எங்க பேசுறது? அங்க எனக்குத் தலைக்கட்டு இல்லன்னுதானே இங்க வந்து கேக்கறேன். ஒங்க ரெண்டு பேருக்கும் சால்வ போட்டாங்க. நீங்க ரெண்டு பேரும் பக்கத்துல பக்கத்துல ஒக்காந்துனு இருக்கீங்க. நான் இவ பக்கத்துல ஒக்காந்தா இன்னா குத்தம்?"

பிறகு கைதட்டல். முன்வரிசையில் எழுந்தே நின்று தட்டினார்கள். பேராசிரியர் தட்டினார். கோட்டு போட்ட இளைஞர் செல்போனில் படம் எடுத்துக்கொண்டே தட்டினார். "மிக அருமையான பங்களிப்பு" என்றாள் தொகுப்பாளர், மைக் இப்போது வேலை செய்தது. கைதட்டல் ஓய்ந்தபோது எல்லோரும் சாப்பாட்டுக்கு நகர ஆரம்பித்திருந்தார்கள். நாட்டார் பதில் சொல்லவில்லை. யாரும் அவரைச் சொல்லச் சொல்லவும் இல்லை.

இத்தனை வருஷத்தில் ஒரு மனுஷியின் வாயை அடைக்கப் பல வழிகளைப் பார்த்திருக்கிறேன். கைதட்டி அடைப்பதை அன்றுதான் பார்த்தேன். சாப்பிடாமல் வீட்டுக்கு வந்தேன்.

நான்காம் நாள் இளையவள் போன் செய்தாள். மூத்தவரைப் பஞ்சாயத்துக்குக் கூப்பிட்டிருக்கிறார்களாம். வெளியூர்க் கூட்டத்தில் ஊர் மானத்தை வாங்கினாள் என்று குற்றச்சாட்டு. ஞாயிற்றுக்கிழமை மாலை, வடக்கு ஊர்க் கோயில் மைதானத்தில். "ஒதுக்கி வச்சிட்டாங்கன்னா அந்த ஊர்ல யாரும் அக்காவுக்கு மீன் போட மாட்டாங்க சார். தண்ணி பிடிக்கக்கூட விட மாட்டாங்க. நான் அந்த ஊருக்குள்ள போக முடியாது. நீங்க போங்க."

போனேன். மைதானத்தில் நூற்றுக்கு மேல் தலைக்கட்டுக்காரர்கள் மணலில் உட்கார்ந்திருந்தார்கள். என்னைப் பார்த்ததும் நாட்டார் ஒரு நாற்காலி கொண்டுவரச் சொன்னார். இந்த ஊரில் எனக்கு ஒரு கைப்பிடி மண்கூடச் சொந்தமில்லை, படகை எண்ணத்தான் தெரியும், ஏறத் தெரியாது. எனக்கு நாற்காலி. அங்கே பிறந்து அங்கேயே வாழ்க்கைப்பட்ட பெண்கள் ஒரு கயிற்றுக்கு வெளியே நின்றார்கள். மூத்தவரை மட்டும் கயிற்றைத் தூக்கி உள்ளே விட்டார்கள்.

நாட்டார் குற்றத்தைப் படித்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "சார், நீங்களும் அங்க இருந்தீங்க. என்ன நடந்ததுன்னு நீங்க சொல்லுங்க."

நான் எழுந்தேன். மூத்தவர் என்னைப் பார்த்துக் கையை லேசாக அசைத்தார், ஈயை ஓட்டுவது போல.

"சார் சொல்ல வேணாம் தம்பி. கூப்ட்டது என்னைத்தானே? குத்தவாளிகிட்ட ஒரு வார்த்த கேக்காம தீர்ப்புச் சொல்ற பழக்கம் நம்ம ஊர்ல இல்ல. கேளு, சொல்றேன்."

அது உண்மை. ஒரு பெண் அந்தக் கூட்டத்தில் எதையும் கேட்க முடியாது. ஆனால் குற்றம் சாட்டப்பட்டால் பதில் சொல்லியே ஆக வேண்டும். சொல்லி முடிக்கும் வரை யாரும் குறுக்கே பேசக்கூடாது. நான் உட்கார்ந்தேன்.

அவர் வெகுநேரம் பேசினார். பைக்கில் பையன்கள் வந்ததைச் சொன்னார். தெற்கு ஊர்க்காரி எழுந்து நின்றிராவிட்டால் இந்த ஊரிலிருந்து எத்தனை பெண்கள் மருத்துவமனைக்குப் போயிருப்பார்கள் என்று கேட்டார். சுருக்குமடி வரப்போகிறது, இதில் அடிதடி வரும் என்று இரண்டு ஊர்ப் பெண்களுக்கும் மார்க்கெட்டில் முன்னாலேயே தெரிந்துவிட்டது, அப்போது சொன்னதை எவன் காதில் வாங்கினான் என்று கேட்டார். கால்வாய் ஓரத்தில் அழுகிப்போன மீன் யார் வீட்டு வலையில் பட்ட மீன் என்று, மணலில் உட்கார்ந்திருந்த ஒருவரைப் பார்த்துக் கேட்டார். அந்த ஆள் தலையைக் குனிந்துகொண்டார். யாரும் அழவில்லை.

அவர் முடித்ததும் கயிற்றுக்கு வெளியிலிருந்து ஒரு பெண், "நாட்டாரே, நானும் கட்டுப்பாட்ட மீறித் தெற்கு ஊர்க்காரிகூடப் பேசினேன். என்னையும் விசாரிங்க" என்றாள். பின்னாலேயே இன்னொருத்தி. பிறகு வரிசையாக. பதினோரு பேர். ஒருத்தி, "நான் தெனமும் பேசறேன்" என்றாள். அவளுடைய புருஷன் மணலிலிருந்து எழுந்து முறைத்தார். அவள், "ஒக்காருய்யா, நீயே தெற்கு ஊர்க்காரி கையால வெட்டின மீனைத்தான் திங்கற" என்றாள். மைதானத்தில் முதல் முறையாகச் சிரிப்பு எழுந்தது. பன்னிரண்டு பேரையும் விசாரிக்க வேண்டும் என்றால் விடிந்துவிடும். பன்னிரண்டு பேரையும் ஒதுக்கி வைத்தால் மறுநாள் மீனை விற்க ஆள் இல்லை. பஞ்சாயத்தார் தனியாகப் போய்க் கூடிப் பேசினார்கள்.

திரும்பி வந்து நாட்டார் மைக்கில் சொன்ன தீர்ப்பை நான் வீட்டுக்கு வரும் வழியெல்லாம் மென்றுகொண்டே வந்தேன். சமாதானம் ஆன அன்றே எல்லாக் கட்டுப்பாடும் போய்விட்டதாம். பஞ்சாயத்துக்கு அதில் எந்தச் சந்தேகமும் இருந்ததில்லையாம். பெண்கள்தான் விஷயம் புரியாமல் தாங்களாகவே தனித்தனியாக உட்கார்ந்துவிட்டார்களாம். இனி அப்படி இருக்க வேண்டாம் என்று பஞ்சாயத்து அன்போடு அறிவுறுத்துகிறதாம்.

தெற்கு ஊர் நாட்டாரும் மறுநாள் அதே வார்த்தைகளை அவர்கள் கோயில் மைக்கில் சொன்னார். ஒப்பந்தத்துக்கு ஆறு கூட்டம் தேவைப்பட்டது. பெண்கள் முட்டாள்கள் என்பதில் ஒரே இரவில் இரண்டு ஊரும் ஒத்துப்போய்விட்டன.

அடுத்த வாரம் மார்க்கெட்டுக்குப் போனேன். மூத்தவர் மேடையில் இருந்தார். ஐஸ் பெட்டி இரண்டு பேருக்கும் நடுவில். கால்வாய் ஓரத்தில் சாக்கு விரித்திருந்த இடம் இன்னும் ஈரமாகத்தான் இருந்தது.

"எடம் கெடச்சிடுச்சு இல்லம்மா" என்றேன்.

"எடம் கெடச்சிது சார். நீ ஏன் இத்தன நாளு புரியாம கீழ ஒக்காந்திருந்தேன்னு தெருவுல போறவன்லாம் என்னைக் கேக்கறான்." அரிவாள்மனையில் வஞ்சிரத்தை வைத்து ஒரே அழுத்தாக அழுத்தினார். "நான் பேசினது ஒண்ணையும் அவன் சொல்லல பாத்தீங்களா, மைக்குல? ஒரு வார்த்த சொல்லல."

"சொல்லலம்மா."

"சுருக்குமடி கெழமைய மாத்தணும்னு இப்ப மறுபடி பேச்சு வந்துனு இருக்குது. தீபாவளிக்கு முன்னால இன்னொரு அடிதடி வரும். எங்களுக்குத் தெரியுது. யார்கிட்ட சொல்றது?"

"மறுபடி கூட்டம் போட்டா நான் வேணும்னா..."

"நீங்க வேணாம் சார். நீங்க நல்லவரு. நீங்க சொன்னா அது நீங்க சொன்னதா ஆயிடும்." துண்டுகளைப் பையில் போட்டார். "எனக்கு ஒண்ணு புரிஞ்சு போச்சு. அங்க பேசணும்னா குத்தம் பண்ணணும். அவ்ளோதானே? மாசத்துக்கு ஒண்ணு பண்ணிட்டுப் போறேன்."

"இந்த மாசம் இன்னாக்கா பண்ணப்போற?" என்றாள் இளையவள்.

"யோசிக்கிறேன்."

"நாட்டார் வீட்டு மீன வாங்க மாட்டேன்னு சொல்லு. நானும் சொல்றேன் எங்கூர்ல. ரெண்டு பேரையும் ஒரே நாளு பஞ்சாயத்துக்குக் கூப்புடுவாங்க."

மூத்தவர் கூடையிலிருந்த மீனைப் புரட்டிப் பார்த்தார். "இன்னைக்கு அவன் வீட்டு மீனுதான் விக்கறேன்" என்றார். "நாளைலேர்ந்து ஆரம்பிப்போம்."

பிறகு என் பையை நீட்டி, தலையும் வேண்டுமா என்று கேட்டார். வேண்டும் என்றேன்.